ஓப்பலின் இளஞ்சிவப்புத் தட்டுகள்

“அந்தத் தட்டை எடுத்த இடத்திலேயே வச்சிடு, வெர்னா. அதுல ஒண்ணு உடைஞ்சாலும் என் பொண்ணு அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டா,” என்றார் டெல்பர்ட்.

“இப்ப மட்டும் வந்து விருந்தாடிக்கிட்டா இருக்கா? வாசல்ல நின்னு உன் கையில ஒரு ஜாம் பாட்டிலைத் திணிச்சிட்டு ஓடிடறா. இன்னிக்கு அவ உக்காருவா. உக்காந்து சாப்பிடுவா. நீ கொஞ்சம் நகரு, மேசைத்துணி சுருங்குது.”

டெல்பர்ட் நகர்ந்துகொண்டார். அவர் வெர்னாவை மணந்து மூன்று வருடமாகிறது. அவருக்கு எழுபத்துமூன்று, அவளுக்கு அறுபத்துநான்கு. முதல் மனைவி ஓப்பல் காலமான பிறகு நடந்த கல்யாணம். மகள் மேவிஸ் கல்யாணத்துக்கு வந்தாள், சிரித்தாள், போட்டோவுக்கும் நின்றாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

காரணம் தனக்குத் தெரியும் என்றே வெர்னா நினைத்திருந்தாள். வந்த முதல் வாரம் நிலவறையைப் பெருக்கப் போனவள், பூட்டிய பெட்டி ஒன்றைத் திறந்தாள். செய்தித்தாள் சுற்றிய இளஞ்சிவப்புக் கண்ணாடித் தட்டுகள், கப்புகள். அமெரிக்காவில் முப்பதுகளின் பஞ்ச காலத்துச் சாமான். நாற்பது வருடம் கழித்து இப்போது இந்தியானா மாநிலம் முழுக்க அதற்கென்று சங்கம் வைத்துத் தேடி அலைகிறார்கள். வினிகர் விட்டுக் கழுவி, சாப்பாட்டு அறையின் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, உள்ளே ஒரு விளக்கும் போட்டாள். போனவளுக்கு ஒரு மரியாதை என்றுதான் செய்தாள். மேவிஸ் அதைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போய், தலைவலி என்று கிளம்பிவிட்டாள்.

“அம்மா பொருள்ல இன்னொருத்தி கை வச்சிட்டாளேன்னு அவளுக்கு ஆத்திரம்,” என்றார் டெல்பர்ட். “ஓப்பல் அதைக் கண்ணு மாதிரி காத்தா. எனக்கே அதுல ஒரு வாய் காப்பி குடுத்தது கிடையாது.”

“அதனாலதான் நான் ஒண்ணையும் குறைக்கல, கூட்டித்தான் வச்சிருக்கேன். அஞ்சு கப்பு எட்டாச்சு. மூடியில்லாத சர்க்கரைக் கிண்ணத்துக்கு மூடி தேடி ஒஹாயோ வரைக்கும் கார் ஓட்டிட்டுப் போனேன்.”

“என்னைத் தேடி நீ அவ்வளவு தூரம் வந்திருப்பியா?”

“உன் வாய்க்கும் ஒரு மூடி கேட்டுப் பார்த்தேன். அந்த அளவுல இல்லைன்னுட்டாங்க.”

வெள்ளைத் துணியின் மேல் தட்டுகளை வைத்தாள். ஜன்னல் வெயில் பட்டதும் துணியெல்லாம் இளஞ்சிவப்பாக நிழல் விழுந்தது. நடுவில் தோட்டத்துப் பியோனிப் பூக்கள். முட்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், எல்லாம் நூல் பிடித்தாற்போல. அடுப்பில் மாட்டிறைச்சி ரோஸ்ட் மணத்தது.

வாசலில் கார் நின்றது. மேவிஸ் ஜாம் பாட்டிலோடு இறங்கினாள். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“அப்பா, இந்தாங்க. நான் கிளம்பறேன்...”

“கிளம்ப முடியாது,” என்றாள் வெர்னா. மேவிஸின் கையிலிருந்த கார் சாவியை வாங்கித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். “திட்டணும்னா திட்டு. அழணும்னா அழு. எல்லாத்தையும் சாப்பாட்டு மேசையில உக்காந்து பண்ணு. வாம்மா.”

ஐம்பது வயதுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேவிஸ் மேசையைப் பார்த்தாள். நாற்காலியின் முதுகைப் பற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இத்தனை கப்பா? எங்ககிட்ட அஞ்சுதானே இருந்துச்சு?”

“மிச்சத்தை நான்தான் தேடிப் பிடிச்சேன். உங்கம்மா ஆசையா சேர்த்ததைப் பாதியில விட மனசு வரல,” என்றாள் வெர்னா. சாவியைத் தருவதாக இல்லை.

“ஆசையாவா?” மேவிஸ் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்க வேலை தேடி ரயிலேறிப் போனீங்களே ரெண்டு வருஷம், அப்ப நாங்க என்ன சாப்பிட்டோம்னு அம்மா சொன்னாங்களா?”

“சமாளிச்சிட்டோம்னு சொன்னா.”

“ஓட்ஸ். காலையிலயும் அதான், ராத்திரியும் அதான். பால் கிடையாது, உப்புப் போட்ட தண்ணியில வேக வச்சது. அந்த ஓட்ஸ் பெட்டிக்குள்ள இனாமா ஒரு கப்போ, தட்டோ இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு பெட்டி, அப்பா. எனக்கும் தம்பிக்கும் ஊத்திட்டு, அம்மா பானையைச் சுரண்டிக் குடிப்பாங்க.”

டெல்பர்ட் மெதுவாக உட்கார்ந்தார்.

“நல்ல சாமானைத் தூக்கிப் போட அவங்களுக்குக் கை வரல. கண்ணால பார்க்கவும் முடியல. அதான் கட்டிப் பூட்டி வச்சாங்க.”

வெர்னா ஏப்ரன் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். “அப்ப... நீ வராம இருந்தது என் மேல இருந்த கோபத்துல இல்லையா?”

“உங்க மேலயா? அப்பா சட்டைக்குப் பட்டன் தைச்சு, வேளைக்கு மாத்திரை குடுத்து வச்சிருக்கற உங்க மேலயா?” மேவிஸ் சாவியை வாங்கவில்லை. “இதுங்களை விளக்குப் போட்டு வச்சிருக்கீங்க, பார்த்தாலே அந்த ஓட்ஸ்தான் ஞாபகம் வருது. நீங்க ஆசையா வச்சதாச்சே, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். இப்ப வந்து பார்த்தா இன்னும் கூடியிருக்கு.”

பிறகு தன் முன்னால் இருந்த தட்டைத் தூக்கி வெர்னாவின் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பேப்பர் தட்டு இருந்தா குடுங்க, பசிக்குது.”