ஒரு ‘உச்சு’

அறுவைச் சிகிச்சை அறையின் கதவு திறக்கிறது. விடியலிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய நூல் துணுக்கை உருட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மா எழுந்து நிற்கிறாள். உள்ளே கிடப்பது அவள் மகள். ஜன்னல் வெயில் தரையில் நீளமாக விழுந்திருக்கிறது. வெளியே வந்த நர்ஸ், எதிரே வரும் இன்னொரு நர்ஸிடம் தங்கள் தாய்மொழியில் ஏதோ சொல்கிறாள். பேச்சின் நடுவே அவள் நாக்கு இரண்டு முறை ‘ச்சு’ என்று ஒலிக்கிறது. தையல்காரம்மா ஓடிவந்து அவளை வழிமறிக்கிறாள். “ஏம்மா உச்சுக் கொட்டுற? என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?” நர்ஸ் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கற்றுக்கொண்ட தமிழில் சொல்கிறாள்: “ஐயோ அம்மா, அந்த நாக்குச் சத்தம் எங்க பாஷையில ஒரு எழுத்து! ‘நல்லா இருக்கா, கண்ணு முழிச்சுட்டா’ன்னுதான் சொன்னேன்.” தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “எங்க, இன்னொரு தடவை சொல்லு.” நர்ஸ் ‘ச்சு’ வரும் அந்தச் சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள். தையல்காரம்மா நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி, வெடுக்கென்று இழுத்து, அந்தச் சொல்லைத் தானும் உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள். தாழ்வாரத்தின் கோடிக்கே போய்விட்ட அந்த இன்னொரு நர்ஸ், ஊர்க்காரர் யாரோ பேசியதுபோலச் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டே, அதே சொல்லை அங்கிருந்து திருப்பிச் சொல்கிறாள்.