புறப்படுமுன் சோதனை

"உலகத்துல யார் வேணா பொய் சொல்லலாம். லாரி டிரைவர் மட்டும் சொல்லக் கூடாது. அவன் வாக்கை நம்பித்தான் நாட்டுல ரோடே கிடக்கு!"

டிரைவர் போனில் முழங்கினார். முழங்கும்போது அவர் லாரிக்குள், போர்வைக்குள் படுத்திருந்தார்.

"அப்படியா டிரைவர் சார்? அப்ப வண்டியைச் சுத்தி வந்துகிட்டேதானே பேசுறீங்க?" என்றாள் மறுமுனையில் மேடம்.

"பின்னே? டயர்கிட்ட குனிஞ்சு நிக்கிறேன், மேடம்."

டிரைவர் புறப்படும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பாகம் பாகமாகப் பார்த்து, போனில் ஒப்பிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. முதல் கேள்வியிலிருந்து அவருடைய பணி நேரம் ஓடத் தொடங்கும். காலையில் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிவது மேடத்தின் வேலை. அதை வீட்டிலிருந்தபடியே, அடுப்பில் ஒரு கண்ணும் கம்ப்யூட்டரில் ஒரு கண்ணுமாகச் செய்வாள்.

மேடம் அவருடைய மனைவி.

மழைக்காலத்துக்கு முன்பு வரை இந்தப் பேச்செல்லாம் 'என்னங்க', 'ஏம்மா' என்றுதான் நடந்தது. பிறகு ஒரு நாள், "அந்த லாரியைத் தினமும் சுத்திச் சுத்திப் பார்க்கிறீங்களே, என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கீங்களா?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

"லாரி என்னைக் கேள்வி கேக்காது" என்றார் இவர்.

"அப்ப அதுகூடவே குடித்தனம் நடத்துங்க."

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று, "நீயா 'வா'ன்னு கூப்பிடுற வரைக்கும் இந்தப் படியை மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டார். "கூப்பிட்டா ஏன்னு கேளுங்க" என்று அவளும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள்.

அன்று முதல் இவர் டிரைவர் சார், அவள் மேடம். தூக்கமும் சாப்பாடும் லாரியிலும் ரோட்டோரத்திலும். இந்தச் சோதனைப் பேச்சு ஒன்றுதான் பாக்கி. அதற்காகவே டிரைவர் விடியும் முன்பே விழித்துக்கொண்டு, போனை நெஞ்சின்மேல் வைத்தபடி கிடப்பார்.

"ராத்திரி ஓய்வு எங்க எடுத்தீங்க?"

"டோல்கேட் தாண்டி, லாரிங்க நிக்கிற இடத்துல. ரொம்ப தூரம்."

"தூரத்தைக் கேக்கல. டயர்?"

"கல்லு மாதிரி இருக்கு."

"பிரேக்?"

"நிக்கச் சொன்ன இடத்துல நிக்குது. சில பேர் வாய் மாதிரி இல்ல."

"சில பேர் வீம்பு மாதிரி கெட்டியா இருக்குன்னு பதிஞ்சுக்கிறேன். ஹாரன்?"

"அருமையா அடிக்குது."

"அடிங்க, கேக்கட்டும்."

டிரைவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "வேண்டாம் மேடம். சுத்தி எல்லாரும் தூங்குறாங்க."

"அதான் தொண்டைக்குள்ளயே பேசுறீங்களா?"

"நாலு பேர் தூக்கத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மறுமுனையில் ஒரு பாத்திரம் இறங்கியது. குழாய் திறந்து மூடியது. எந்தக் குழாய் என்று அவருக்குத் தெரியும். எத்தனை இறுக்கினாலும் கடைசியில் சொட்டும். வாஷர் வாங்கி மாற்றுவதாக அவர் சொல்லியிருந்தார். இன்னும் சொட்டுகிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். சொட்டியது.

"இந்தப் பேச்சு பணி நேரத்துல சேருமா, மேடம்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னா சேரும். வளவளன்னு இழுத்தா சேராது."

"இழுத்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ராத்திரி சாப்பிட்டீங்களா?"

"அது சோதனைப் பட்டியல்ல இல்லையே, மேடம்."

சொன்ன வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது அவருக்கு. இன்னொரு தடவை கேட்டால் போதும், உள்ளதை அப்படியே சொல்லிவிடுவார். பன்னும் தண்ணியும்தான், இங்கே எதுவும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை, கூப்பிட்டுத் தொலையேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை.

"இல்லதான். முன்விளக்கு? போட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

பழக்கதோஷம். டயரைப் படுத்தபடியே பார்த்தவர்தான், ஆனால் விளக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் போர்வைக்குள்ளிருந்து கை தானாக நீண்டு சுவிட்சைத் தட்டிவிட்டது.

"ரெண்டும் ஜோரா எரியுது, மேடம். சூரியனும் சந்திரனும் மாதிரி."

"இடது பக்கம் எரியல."

"என்ன மேடம் விளையாட்டு? என் சர்வீஸ்ல..."

"இடது விளக்கு மாத்துற வரைக்கும் வண்டி நிக்கிற இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. டிரைவரும்தான். பதிஞ்சாச்சு."

"அங்க உட்கார்ந்துகிட்டு, இங்க எது எரியுது, எது எரியலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" தூங்குகிறவர்களை மறந்து டிரைவர் கத்தினார்.

"நீங்க டோல்கேட் தாண்டி ஓய்வெடுக்குற அன்னிக்கெல்லாம் காலையில நம்ம சமையலறைச் சுவர்ல ரெண்டு வட்டம் விழும், டிரைவர் சார். இன்னிக்கு ஒண்ணுதான் விழுந்திருக்கு."

டிரைவர் போர்வையை விலக்கி, தன் வீட்டுக்கு எதிரே நின்ற லாரியிலிருந்து இறங்கி, முன்பக்கம் போய்ப் பார்த்தார்.

இடது விளக்கு எரியவில்லை.