அப்பிடி ஒரு பேரே இல்லை

“பெட்டி பார்க்கத்தானே வந்தனீங்கள், தம்பி? குகதாசன்தானே?”

கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தியவன் ஒரு கணம் நேசமலரைப் பார்த்தான். “ஓம் அக்கா. பெட்டி பார்க்கத்தான்” என்றான்.

“நல்ல காலம், வெள்ளெனவே வந்திட்டீங்கள். யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில வர மத்தியானம் ஆகும் எண்டெல்லோ சொன்னவை. வாங்கோ, வாங்கோ.”

பயம் பிடித்துவிட்டால் நேசமலருக்கு வாய் ஓயாது. நேற்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான்.

நெளுக்குளத்தில் அந்த ஒழுங்கையில் இருந்த மற்ற வீடுகளைப் போலத்தான் இதுவும். பெயர்ப்பலகை கிடையாது. அடி, உதை தாங்காமல் புருஷன்மாரிடமிருந்து தப்பி வந்த பெண்கள் உள்ளே ஒளிந்திருப்பதும், நேசமலர்தான் அவர்களுக்குப் பொறுப்பு என்பதும் அயலட்டைக்குக்கூடத் தெரியாது. போன வாரம் வந்தவள் தேனுகா. கழுத்தில் விரல் பதிந்த தழும்போடு வந்தாள். அவள் புருஷன் முள்ளியவளையில் போன் கடை வைத்திருக்கிறவன். அவளுடைய போனில் எதையோ ஏற்றிவிட்டிருந்தான். அவள் எங்கே போனாலும் அது ஏதோ ஒரு இணையத் தளத்தைக் கூப்பிட்டு, அவள் நிற்கும் இடத்தை அவனிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படியான தளங்களை மறிக்கத்தான் வீட்டில் சின்னதாக ஒரு டிஎன்எஸ் பெட்டி பூட்டியிருந்தார்கள். அது மறிக்கவே இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. தேனுகாவின் போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. ஆனால் அதற்குள் அது என்னத்தைச் சொல்லி முடித்ததோ? மற்றப் பெண்களின் போன்களிலும் என்னென்ன இருக்கிறதோ? ஒழுங்கையில் ஒரு வாகனச் சத்தம் கேட்டாலே நேசமலர் ஓடிப்போய்க் கேற்றடியில் எட்டிப் பார்த்தாள்.

வீட்டு வழக்கப்படி, ஆண் ஆள் வருகிறார் என்றதும் பெண்கள் எல்லோரும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நேசமலர் வந்தவனுக்குப் பெட்டியடியில் கதிரை போட்டாள். அவன் கேட்காமலே பாஸ்வேர்டையும் சொன்னாள்.

“ஆற்ற பேரும் கேட்கப்படாது, தம்பி. பெட்டியை மட்டும் பாருங்கோ.”

“நான் ஏன் அக்கா கேட்கப்போறன்” என்று அவன் சிரித்தான்.

பின்னறையில் ஏதோ பேணி விழுந்து உருண்டது. ஆம்பிளைக் குரல் கேட்டாலே நடுங்குகிறதுகள், பாவங்கள் என்று நேசமலர் நினைத்துக்கொண்டாள்.

அவனுக்கு இந்த வேலை தண்ணி பட்ட பாடு. தன் போனிலேயே பெட்டிக்குள் நுழைந்து அங்குமிங்கும் தட்டினான். கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டினான்.

“பிழை பிடிபட்டிட்டுது. போன் ஒரு தளத்தின்ர பேரைச் சொல்லிக் கேட்டால், அதின்ர விலாசத்தைச் சொல்லுறதுதான் இந்தப் பெட்டியின்ர வேலை. மறிக்கச் சொன்ன பேரெண்டால் சொல்லப்படாது.”

“அப்ப சொல்லிப்போட்டுதோ?”

“இல்லை. ‘சொல்லமாட்டன்’ எண்டு மறுமொழி குடுத்திருக்கு. அதுதான் பிழை. சொல்லமாட்டன் எண்டால் என்ன கருத்து? அங்க இருக்கு எண்டுதானே. போன் விடுமோ? வெளியில இருக்கிற இன்னொரு பெட்டியிட்டைப் போய்க் கேட்கும். அது சொல்லிப்போடும்.”

“ஐயோ, பிறகென்ன செய்யிறது?”

“‘அப்பிடி ஒரு பேரே இல்லை’ எண்டு சொல்லப் பழக்க வேணும். இல்லாத ஒண்டை ஆரும் தேடமாட்டினம்.”

நேசமலருக்கு அது நன்றாக விளங்கியது. வாயைப் பூட்டினால் போதும் என்றுதான் அவளும் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

“பெட்டிக்கும் பொய் சொல்லத் தெரிய வேணும் எண்டுறீங்கள்” என்றாள்.

“கட்டாயம் தெரிய வேணும் அக்கா.”

அவன் மறுமொழியை மாற்றினான். வெளியே போய்க் கேட்கிற வழியையும் அடைத்தான். பிறகு நேசமலரின் போனைக் கேட்டு வாங்கி, அந்தத் தளத்தின் பெயரை அடித்துக் காட்டினான். அப்படி ஒன்று இல்லை என்று திரையில் வந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது போல நேசமலர் பெருமூச்சு விட்டாள்.

“நீங்கள் நல்லா இருப்பீங்கள், தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

“வேண்டாம் அக்கா.”

கேற்று வரைக்கும் அவளே கூட வந்தாள். மதில் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவன், சும்மா கேட்பது போலத் திரும்பிக் கேட்டான்.

“தேனுகா இப்ப எப்பிடி இருக்கிறா?”

இந்த மாதிரிக் கேள்விக்கு மறுமொழி சொல்லி நேசமலருக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். யோசிக்காமல் வாயில் வந்தது.

“அதெல்லாம் நாங்கள் வெளி ஆக்களுக்குச் சொல்லமாட்டம், தம்பி.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவனிடம் அவள் ஒரு பெயரும் சொல்லவில்லையே.

கையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“அக்கா, நான் குகதாசன் கதைக்கிறன். பஸ் பழுதாகி இன்னும் பளையிலதான் நிக்கிறன். வரப் பிந்தும், குறை நினையாதேங்கோ.”

அவன் ஹெல்மெட்டைத் திரும்ப மதில் மேல் வைத்தான்.

“‘சொல்லமாட்டன்’ எண்டால் அங்க இருக்கு எண்டுதானே அக்கா கருத்து” என்றபடி, கேற்றை உள்ளேயிருந்து சாத்திக் கொழுக்கியைப் போட்டான்.