கடைசி நாட்டில் ஒரு ஷேவ்

“நம்ம பாஷை காதுல விழுந்து எவ்வளவு நாளாச்சு! ஊர் சுத்திப் பார்க்க வந்தீங்களா?” நுரையைத் தடவியபடி சலூன்காரர் கேட்டார்.

“உலகத்துல ஒரு நாடு விடாமப் போயிடணும்னு வெறி. இதுதான் கடைசி,” என்றான் நாற்காலியில் சாய்ந்திருந்தவன்.

“அப்ப பார்க்காத இடமே இருக்காது.”

“எங்க போனாலும் சலூனை மட்டும்தான் பார்ப்பேன்.”

“நல்ல கூத்தா இருக்கே!” சலூன்காரர் சிரித்தார். அவன் காதுமடலைச் செல்லமாகச் சுண்டிவிட்டு, கழுத்தில் கத்தியை வைத்தார்.

“சின்ன வயசுல எனக்கு முடி வெட்டுனவரும் இப்படித்தான் சுண்டிட்டுக் கத்தியை எடுப்பார். அப்புறம் எந்த நாட்டுலயும் யாரும் சுண்டலை.”

கத்தி நின்றது.

“யாரு அவரு?”

“எங்க அக்காவைக் கொன்னுட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனவர்.”

அவன் கண்ணாடியில் அவரையே பார்த்தான்.

“கத்தியை ஏன் நிறுத்திட்டீங்க, அத்தான்?”