இரண்டாவது தடவை

“குத்தத்த ஒத்துக்கவா, வேண்டாமா? எட்டாவது வரைக்கும் படிச்சவ, நீயே சொல்லு தாயி.” சிறையின் கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா கேட்டார். “ஒத்துக்கங்கப்பா. போன தடவையும் இதே கஞ்சா கேசுல ஒத்துக்கிட்டதாலதான சீக்கிரம் விட்டாங்க” என்றாள் ரஞ்சிதம்.

இன்று நீதிபதியிடம் அவர் சிரித்த முகமாகவே ஒத்துக்கொண்டார். “ரெண்டாவது தடவைன்னா பதினஞ்சு வருசம்ப்பா. அதுக்குக் கீழ குறைக்க எனக்கே அதிகாரம் இல்ல” என்றார் நீதிபதி.

ரஞ்சிதம் கோர்ட்டு வாசலில் போய் நின்றாள். அப்பா தன்னைத் திட்டிவிட்டாவது போகட்டும் என்றிருந்தது. வீட்டில் இனி அவளைத் திட்டவும் ஆளில்லை. அப்பா அவள் நெற்றிமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினார். ஒரே விலங்கில் பிணைந்திருந்த போலீஸ்காரரின் கையும் அவள் முகத்தருகே வந்தது. அப்பா கையை இறக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.