யோசித்துச் சொல்லும் ஏஐ

"கொஸ்டின் பேப்பர் தயாரிக்கறதுக்குக் காலேஜ்ல குடுத்த ஏஐ சார் இது. இதுல போய்ப் பொண்டாட்டிய சமாதானப்படுத்த வழி கேக்கறீங்களே!"

வரலாற்றுப் பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து மேசை வேதியியல் பேராசிரியர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உமக்கென்னய்யா, வீட்ல சூடா சாப்பாடு கிடைக்குது. நான் ஒரு மாசமா பிரெட்டைத் தின்னு நாக்கு செத்துக் கிடக்கேன்."

பாவம், மனுஷன் செய்த குற்றம் ஒரே ஒரு ஜோக்தான். மாமியார் வந்து தங்கியிருந்தபோது, "உங்கம்மா வந்ததுலேருந்து வீட்ல ஆக்சிஜன் பத்தல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கே அம்மாவோடு மகளும் பெட்டியைக் கட்டிவிட்டாள். செல்போனில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை.

"சரி, ஏஐ என்னதான் சொல்லுது?"

"'மாமியார்கிட்ட மன்னிப்பு கேளுங்க, ஆக்சிஜன் பத்தி இனிமே மூச்சு விடாதீங்க'ன்னுச்சு. கேட்டுட்டேன். 'ஈரத்துண்டக் கட்டில் மேல போடறத நிறுத்துங்க'ன்னுச்சு. நிறுத்திட்டேன். துண்டு விஷயத்த நான் சொல்லவே இல்லய்யா, அதுவா கண்டுபிடிச்சுது!"

"எல்லா ஆம்பளையும் அங்கதான் சார் போடறான். இது ஒரு கண்டுபிடிப்பா?"

வரலாறு தன் கம்ப்யூட்டரில் அதே கேள்வியைத் தட்டினார். கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்களைப் போன்ற அன்பான கணவர் கிடைப்பது அரிது! ஒரு பூங்கொத்து கொடுத்துப் பாருங்களேன்' என்று கொஞ்சியது.

"என்கிட்ட எவ்வளவு மரியாதையா பேசுது பாருங்க. உங்களுக்கு மட்டும் ஏன் ஆடி அசைஞ்சு வந்து திட்டுது?"

"மெதுவா வந்தா யோசிச்சு சொல்லுதுன்னு அர்த்தம்" என்ற வேதியியல், அடுத்த கேள்வியைத் தட்டினார்: 'இன்னிக்கு சாயங்காலம் போய்க் கூப்பிட்டா வருவாளா?'

பதில் வரவில்லை. மதிய உணவு மணி அடித்து ஓய்ந்தது. அப்போதும் வரவில்லை.

"ரிப்பேர்னு நினைக்கறேன். கம்ப்யூட்டர் சென்டர்ல கேளுங்க சார். அங்கேருந்துதானே இத நடத்தறாங்க."

"வேணாம்யா. அங்க பேச எனக்கு மூஞ்சி இல்ல."

"மானம் பாத்தா பிரெட்டுதான் சார்."

வேதியியல் இன்டர்காமை எடுத்தார்.

"ஹலோ... வேதியியல் துறை. ஏஐ-யில பதில் வரல..."

மறுமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் மேடம் வாயில் சோற்றோடு சீறினாள்:

"மனுஷிய ஒரு வாய் சாப்பிட விடமாட்டீங்களா? வருவா! பைக் வேணாம், காரை எடுத்துட்டு வாங்க, அம்மாவும் கூட வர்றாங்க. ஆக்சிஜன் பத்தலன்னா ஜன்னலைத் தொறந்து வச்சுக்கங்க!"