பச்சைப் பூ

டிரைவர் வீட்டு வாசலில் தொட்டியில் இருந்த நித்தியகல்யாணி திடீரென்று பச்சையாகப் பூத்தது. இதழெல்லாம் இலை மாதிரியே இருந்தது. தெருவே வந்து பார்த்தது. டிரைவரின் மனைவி மட்டும் யார் கேட்டும் ஒரு கிளைகூடத் தரவில்லை. போதாததற்குச் செடியைக் கொசுவலை போட்டு மூடிவிட்டாள்.

“கண்ணு பட்டுடுமாம்!” என்று தெரு சிரித்தது.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எதிர்வீட்டுத் தையல்காரி, ஒருநாள் வலைக்குள் கைவிட்டு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே வந்து நின்றாள் டிரைவர் மனைவி.

“அக்கா, அந்தக் கிளையைக் குடுத்துடுங்க.”

“ஒரு குச்சிக்கா இப்படி ஓடி வர்றே? இவ்வளவு அல்பத்தனம் ஆகாதும்மா.”

“அது அதிசயம் இல்லக்கா, நோய். செடி டாக்டர்கிட்ட காட்டினேன். பைட்டோபிளாஸ்மான்னு ஏதோ கிருமியாம். தத்துப்பூச்சி மூலமா உங்க செடிக்கெல்லாம் பரவிடும். அதுக்குத்தான் வலை.”

தையல்காரி கிளையைத் தூரத் தள்ளி வைத்தாள். “அப்போ பிடுங்கி எரிக்க வேண்டியதுதானே? ஊர் வாயில ஏன் விழறே?”

“அக்கா, அது அவர் வாங்கிக் குடுத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் எனக்குன்னு வாங்கின முதல் பூ. வேலை முடிஞ்சு வந்ததும் சட்டையைக்கூட மாத்தாம அதைத்தான் பார்க்கிறார். எப்படிச் சொல்வேன்?”

தையல்காரி கிளையை எடுத்துப்போய் அடுப்பில் எரித்தாள். அது சாம்பலாகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீ போம்மா. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்” என்றாள் தையல்காரி. பிறகு உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரர் நோய் வந்த செடிகூட வாங்கிக் குடுத்ததில்ல.”